இரண்டு இஞ்ச் குறைத்து

வெம்பநேரியில் கத்திரி வெயில் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கல்யாணப் பத்திரிகைகள் வீடு வீடாக வந்து விழ ஆரம்பித்ததும், ஊர்ப் பெண்கள் எல்லாரும் சோற்றுப்பானையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கொள்ளு வேகவைத்து அந்தத் தண்ணீரை மட்டும் குடிப்பார்கள், விடியற்காலையில் கண்மாய்க் கரையில் கையை வீசி வீசி நடப்பார்கள், நடந்து முடித்த களைப்புக்குக் கரையடி டீக்கடையில் ஆளுக்கு இரண்டு உளுந்த வடை தின்பார்கள், பிறகு நேராகச் செண்பகவடிவின் தையல்கடைக்கு வந்து, "ரெண்டு இஞ்ச் குறைச்சே தைங்க, கல்யாணத்துக்குள்ள இளைச்சிருவேன்" என்பார்கள்.

வடிவு இருபது வருஷமாக இதைக் கேட்டு வந்தாள். அவர்கள் சொன்ன அளவை அவர்கள் கண்ணெதிரே நோட்டில் எழுதிக்கொள்வாள். டேப் சொன்ன அளவுக்கே தைப்பாள். ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் போட்டுப் பார்த்து, "பாத்தியா, சொன்ன மாதிரி இளைச்சுட்டேன்" என்று குதிப்பார்கள். "ஆமாக்கா, கன்னம்கூட ஒட்டிருச்சு" என்பாள் வடிவு. இந்தப் பொய்யால் ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் சிரித்த முகத்தோடு நடந்திருந்தன.

வடிவுக்கு நாற்பத்தொரு வயது. ஒல்லி. சாதாரண ஒல்லி இல்லை. அளவெடுக்கிற டேப்பை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றால் டேப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். "உங்க வீட்ல சோறு வடிக்கிறதில்லையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வெம்பநேரியில் ஒல்லியாக இருப்பதும் குற்றம்தான். கத்திரி வெயில் காலத்தில் மட்டும் அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு. வருஷத்தில் இருபத்தைந்து நாள் அவளைப் பார்த்து ஊரே பொறாமைப்பட்டது, மீதி நாள் பரிதாபப்பட்டது. அவள் புருஷன் சங்கிலி, மினி பஸ் ஓட்டுகிறவன், ரெண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதவன்.

அந்த வருஷம் ஆவுடைச்செல்வி வந்தாள். ஈ-சேவை மையத்தில் வேலை பார்க்கிற பெண், இருபத்துமூன்று வயது, வைகாசி எட்டாம் தேதி கல்யாணம், மாப்பிள்ளை மதுரை. நிச்சயத்துக்கு வந்த மாமியார் அவளை மேலிருந்து கீழாக ஒருமுறையும் இடமிருந்து வலமாக ரெண்டு முறையும் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, போட்டோவுலதான் கொஞ்சம் அகலமா விழுவா" என்று சொல்லிப் போயிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஆவுடையின் போனில் வெள்ளரிக்காய்ப் படம் ஒன்று வந்து இறங்கும். ஆவுடை வெள்ளரிக்காயைத் தவிர வேறெதையும் தொடாமல் பத்து நாள் இருந்து, பதினோராம் நாள் கைரேகை எந்திரத்தின் மேலேயே மயங்கி விழுந்தாள். எந்திரம் அது யாருடைய கன்னம் என்று தெரியாமல் 'மீண்டும் முயலவும்' என்றது.

"அக்கா, நீங்க பழைய அளவுக்கே தைச்சுட்டு, குறைச்சுட்டேன்னு சொல்லுவீங்களாம். எங்கம்மாவுக்கு அப்படித்தான் செஞ்சீங்களாம். எனக்கு அப்படி வேண்டாம்."

"பத்தாமப் போனா என்ன பிள்ள செய்வே?"

"பத்தணும்க்கா. பத்தலன்னா பத்துற வரைக்கும் பட்டினி கிடப்பேன். என் மேல சத்தியம் பண்ணுங்க."

அவள் தன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நின்றாள். வடிவு வேறு வழியில்லாமல் அதில் அடித்துச் சத்தியம் செய்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, சொன்ன அளவுக்கே துணியை வெட்டினாள். வழக்கம்போலப் பக்கவாட்டில் ரெண்டு தையல் போட்டு, உள்ளே துணியும் விட்டாள்.

போட்டுப் பார்க்க ஆவுடை வந்த அன்று, திரைச்சீலைக்குப் பின்னால் அவள் கடைசிக் கொக்கியை மாட்டிய அதே நேரத்தில், மெஷினில் உட்கார்ந்திருந்த வடிவின் ஜாக்கெட் கொக்கி தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. ஆவுடைக்கு ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுடைய ரெண்டு இஞ்ச் வடிவின் இடுப்பில், பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவரைப் போல, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

இது எப்படி நடந்தது என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள், "எனக்கு எப்பத் தைச்சுத் தருவே?" என்று கேட்டார்கள்.

முதலில் வடிவுக்குமே அது பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கழுத்துச் செயின் தொங்காமல் படிந்து உட்கார்ந்தது. சங்கிலி சோறு தின்றுகொண்டே நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் உடம்பைப் பற்றி அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. அதனால் எஸ்தர் டீச்சர் வந்து கையில் மூன்று இஞ்ச் குறைக்கச் சொன்னபோது வடிவு மறுக்கவில்லை. டீச்சர்கள் உட்காரும் அறையில் எஸ்தரின் கையைப் பார்த்து, 'குஸ்திக்குப் போகலாமே' என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்து வந்தவளுக்கு அவள் புருஷன் சொன்னது, அதற்கடுத்தவளுக்கு அவள் தங்கச்சி சொன்னது என்று ஒவ்வொருத்தியும் வாயில் இன்னொருத்தர் வார்த்தையைக் கவ்விக்கொண்டுதான் வந்தாள். அந்த வார்த்தைகளின் மறுபக்கத்தை நாற்பத்தொரு வருஷம் கேட்டிருந்தவள் வடிவு. ஒருத்திக்குத் தைத்து இன்னொருத்திக்கு மாட்டேன் என்றால், "அவளுக்கு மட்டும் தைச்சே, நான் என்ன தாழ்ந்து போயிட்டேன்?" என்று வாசலில் உட்கார்ந்து அழுதார்கள்.

பிறகு ஆண்கள் வந்தார்கள். 'லேடீஸ் டெய்லர்' என்ற போர்டுக்குக் கீழே நுழைவதற்குக் கூச்சப்பட்டு, மனைவியின் துணி வாங்க வந்தவர்களைப் போலப் பின்பக்கம் வந்து, சட்டைத் துணியை நீட்டினார்கள். கவுன்சிலர் தங்கமாரியப்பன் தொப்பையில் ஒன்பது இஞ்ச் குறைக்கச் சொன்னார். "மக்கள் பணிக்கு இடைஞ்சலா இருக்கு" என்றார். அவர் மனைவி மூன்று இஞ்ச். நாதஸ்வர வித்வான் பட்டமுத்து, வீடியோ எடுக்கிறவர்கள் 'நீங்களே ஸ்கிரீனை அடைச்சுக்கிறீங்க' என்று சொன்னதால், ஆறு இஞ்ச். கொள்ளுக் கஞ்சிப் பொட்டலம் விற்றவர் பத்து நாளில் கடையைச் சாத்திவிட்டு, தனக்கும் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தார்.

நூற்றுப் பதினேழு உருப்படிகள் தைத்து முடித்தபோது வடிவு கடைக்குள் நுழைய முடியவில்லை. சங்கிலி கதவுநிலையைப் பெயர்த்து எடுத்தான். ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவளை உட்கார வைத்து, மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தான். அவளுக்கு மூச்சு வாங்கியது, முழங்கால் விண்விண் என்று தெறித்தது, மடிப்புகளில் வேர்க்குரு பூத்துக் கிடந்தது. நூற்றுப் பதினேழு பேருடைய வேர்வையும் ஒருத்தி மேல் ஓடியது. ஆனால் வந்து சேர்ந்தவை சும்மா இருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவை அவரவர் பழக்கத்தையும் கொண்டு வந்திருந்தன. கவுன்சிலரின் ஒன்பது இஞ்ச், தினமும் பதினோரு மணிக்கு ஆட்டுக்கறிச் சுக்கா கேட்டது. ஒலிபெருக்கியைக் கண்டால் துடித்தது. பட்டமுத்துவின் வயிறு நடுமத்தியானத்தில் தானாகக் கல்யாணி ராகத்துக்கு ஏறி இறங்கியது. எஸ்தர் டீச்சரின் கைச்சதை சரியாகக் காலை எட்டு மணிக்கு வலித்தது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் புருஷனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கித் தூக்கித் திரண்ட கை அது என்பது, அந்த வலியை ஒரு வாரம் சுமந்த பிறகுதான் வடிவுக்குப் புரிந்தது. ஆவுடையின் ரெண்டு இஞ்ச் மட்டும் வேறு மாதிரி. அது சாயங்காலமானால் பசி எடுத்து அழுதது. வடிவு அதற்காக எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அது கொஞ்சம் அடங்கும்.

ஊர் அழகாகிவிட்டது. அழகான ஊருக்கு ஒரே ஒரு அசிங்கம்தான் மிச்சம் இருந்தது. அது மெயின் ரோட்டில் ரெண்டு பெஞ்சில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் வாயைக் கட்டணும் வடிவு" என்றார்கள் வருகிறவர்கள் எல்லாம். "நாங்கல்லாம் எப்படிக் குறைச்சோம் பாத்தியா? மனசு வச்சா முடியும்." ஆவுடையின் கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர், "அந்த அம்மா கொஞ்சம் தூணுக்குப் பின்னால போங்க, பிரேம்ல விழுதீங்க" என்றார். தூணுக்குப் பின்னால் போனால் பாதிதான் மறைந்தது. கவுன்சிலர் மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்து, காலையில் வெந்நீரில் தேன் விட்டுக் குடிப்பதைப் பற்றி அரை மணி நேரம் எடுத்துச் சொன்னாள். அவள் பேசப் பேச அவளுடைய மூன்று இஞ்ச், வடிவின் இடது இடுப்பில் வெட்கத்தால் நெளிந்தது.

"ஏன் ஒண்ணும் சொல்லாம வந்தே?" என்றான் சங்கிலி, திரும்பும்போது. மினி பஸ்ஸின் பின் சீட் முழுவதையும் அவளுக்கு ஒதுக்கியிருந்தான்.

"என்னத்தச் சொல்ல? எல்லாரும் உள்ளயே இருக்காங்க. யாரைத் திட்டினாலும் எனக்குத்தான் வலிக்குது" என்றாள் வடிவு.

அதே கல்யாணத்தில்தான் சீசன் கெட ஆரம்பித்தது. கெட்டிமேளம் என்று ஐயர் கையை உயர்த்தினார், பட்டமுத்து நாதஸ்வரத்தை வாயில் வைத்து ஊதினார், நாய்க்குட்டி முனகுவதைப் போல ஒரு சத்தம் வந்து நின்றுபோனது. மூச்சு இருந்த இடம் காலியாக இருந்தது. தவில்காரர் ஒருவரே தாலி கட்டுவதைச் சமாளித்தார். மேடையில் ஆவுடை மருந்துக் கடைக் காலண்டர்ப் படம் மாதிரி ஒடிசலாக நின்றாள். மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன இது, பொண்ணையே காணோம்? சேலைதான் நிக்குது."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கவுன்சிலரைத் தாலுகா ஆபீஸில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, போஸ்டரைக் காட்டி, "இது நான்தான்" என்றார், "தொப்பை எங்கே?" என்று கேட்டு, வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். மடியில் தூங்கிய பிள்ளைகள் எலும்பு குத்துகிறது என்று அழுதன. சட்டை தைத்துக்கொண்ட சமையல் மாஸ்டருக்கு உப்பு எது புளிப்பு எது என்று நாக்குக்குத் தெரியாமல், மூன்று முகூர்த்தத்தில் சாம்பார் வீணானது. இத்தனைக்கும் காரணம் என்ன என்று ஊர் கூடி யோசித்து, கடைசியில் கண்டுபிடித்தது: வடிவு திருடிவிட்டாள்.

ஆனால் அதற்கு ரெண்டு நாள் முன்பே எஸ்தர் டீச்சர் தனியாக வந்திருந்தாள். உச்சி வெயில். மஞ்சப்பையில் அந்த ஜாக்கெட்.

"வடிவு, நேத்து அவரைத் தூக்கும்போது கை நழுவிருச்சு. ரெண்டு பேருமே கீழ விழுந்தோம். அரை மணி நேரம் தரையில கிடந்தோம். அவர் என்னைப் பார்த்து, 'நீ போ எஸ்தர், நான் இங்கேயே இருக்கேன்'ங்கிறார். எங்க போக?" என்றாள். பிறகு, "இதைப் பிரிச்சு விட முடியுமா?" என்றாள்.

வடிவுக்குத் தெரியாது. ஆனால் ஜாக்கெட் பிடித்தால் ஒரு தையல் பிரிப்பது தையல்காரிக்குத் தெரிந்த ஒரே மருந்து. பிளேடை எடுத்துக் கையின் உள்தையலை ஒவ்வொரு கண்ணாக அறுத்தாள். அறுக்க அறுக்கத் தன் கை இறங்குவதையும், எதிரே டீச்சரின் கை திரள்வதையும் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் எஸ்தர் வலது கையால் இடது கையை ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து, வடிவோடு சேர்த்து, அரை அடி தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

அதனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்டபோது வடிவு பயப்படவில்லை. கவுன்சிலர் தலைமையில் நாற்பது பேர் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண், புதிதாக வந்தவர். புகாரை ரெண்டு தடவை படித்தார்.

"களவு போன பொருள் சதைன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு?"

"ஒன்பது இஞ்ச்" என்றார் கவுன்சிலர்.

"அடையாளம்?"

கவுன்சிலர் யோசித்தார். "தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு மச்சம் இருக்கும்."

"நீங்களாக் குடுத்தீங்களா, அந்தம்மா எடுத்தாங்களா?"

சிலருக்குத் திடீரென்று சுவரில் இருந்த காணாமல் போனோர் பட்டியல் சுவாரஸ்யமாகத் தெரிந்தது.

"மேடம்" என்றாள் வடிவு. "நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. அப்படி ஒளிக்கவும் முடியாது, பாக்கீங்கல்ல. அவுகவுக துணியைக் கொண்டு வரச் சொல்லுங்க. உள்தையலைப் பிரிச்சா அவுக பொருள் அவுககிட்டப் போயிரும். காசுகூட வேண்டாம்."

நாற்பது பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பட்டமுத்து தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மூச்சு மட்டும் போதும் தாயி. வயிறு வேண்டாம்."

"கழிச்சுத் தர முடியாது அண்ணாச்சி" என்றாள் வடிவு. "சேந்துதான் வரும்."

புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்து போனார்கள். பொதுவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் உச்சி வெயிலில், தெருவில் காக்கைகூடப் பறக்காத நேரத்தில், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பட்டமுத்து வந்தார். அவருக்கு முன்னால் கடைவாசலில் ஏற்கனவே ஏழு குடைகள் இருந்தன. "கொக்கி வைக்க வந்தேன்" என்றது ஒரு குடை. "பட்டன் பிஞ்சிருச்சு" என்றது இன்னொன்று. நானும் பட்டனுக்குத்தான் என்றார் பட்டமுத்து. பன்னிரண்டு நாள் வடிவு பிரித்துக்கொண்டே இருந்தாள். பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லவில்லை. ரெண்டு பேர், தாங்கள் கொடுத்ததைவிட அரை இஞ்ச் அதிகமாகத் திரும்பி வந்திருப்பதாகச் சண்டை போட்டார்கள். கவுன்சிலர் கடைசி நாள் கார் அனுப்பிச் சட்டையை மட்டும் கொடுத்துவிட்டார். பிரித்தபோது ஒன்பது இஞ்சும் மச்சத்தோடு கிளம்பி, காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போயிற்று என்று டிரைவர் சொன்னார்.

ஆனி மாதத்தில் முதல் மழை விழுந்தபோது வடிவிடம் மிஞ்சியிருந்தது ரெண்டே ரெண்டு இஞ்ச்தான். ஆவுடையினுடையது. மதுரைக்குப் போனவள் வரவில்லை. வராமலே இருந்துவிட்டால் என்ன என்று வடிவு ஒரு தடவை நினைத்தாள். ரெண்டு மூன்று தடவைகூட நினைத்திருக்கலாம். அந்த ரெண்டு இஞ்சில் அவள் கண்ணாடி பார்க்கப் பழகியிருந்தாள். அதன் பசிக்குச் சமைத்துச் சமைத்து, தனக்கே ருசி பார்க்கத் தெரிந்திருந்தது. தனக்கென்று ஒரு ஜாக்கெட் துணிகூட எடுத்து வைத்திருந்தாள். அரக்கு நிறம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆவுடை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். தோள் எலும்பு சுடிதாருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாண ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அத்தை இப்ப உடம்பு போடச் சொல்லுதாக. குச்சி மாதிரி இருந்தா எப்படிப் பிள்ளை தங்கும்ங்காக. தினமும் காலைல பேரீச்சம்பழப் படம் அனுப்புதாக."

"அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டா?"

"ஆமா."

வடிவு ஜாக்கெட்டை வாங்கவில்லை. "அப்ப அவுக சொல்லித்தான் வந்தியா?"

ஆவுடை தலையை ஆட்டினாள். அது இல்லை என்றா, ஆமாம் என்றா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பசிக்கவே மாட்டேங்குக்கா. கல்யாணத்துலருந்து. இலையில என்ன வச்சாலும் பேப்பரத் தின்ன மாதிரி இருக்கு. அவுக குறைன்னாலும் சரி, கூட்டுன்னாலும் சரி, எனக்கு ஒண்ணுமே தோணல. ஒரு தடவை பசிச்சாப் போதும்க்கா."

வடிவு பிளேடை எடுத்தாள். இடுப்பில் அந்த ரெண்டு இஞ்ச் விழித்துக்கொண்டு, வீட்டு ஆளைக் கண்ட கன்றுக்குட்டி மாதிரி முட்டியது. அவள் ஒரு நிமிஷம் கையை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தையலை அறுத்தாள். மெதுவாகத்தான் அறுத்தாள், ஆனால் முழுதாக.

செயின் பழையபடி தொங்கியது. எதிரே ஆவுடையின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மினி பஸ் ஸ்டார்ட் ஆவதைப் போன்ற, வாசலில் போனவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு சத்தம். அவள் முகம் சிவந்துபோனது.

"அக்கா," என்றாள், "சாப்பிட என்ன இருக்கு?"

வடிவு தூக்குச்சட்டியைத் திறந்தாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் சோறும், சங்கிலிக்கு எடுத்துவைத்த ரெண்டு பொரித்த சாளை மீனும் இருந்தன. ஆவுடை தட்டு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மூடியிலேயே போட்டுப் பிசைந்தாள். முதல் உருண்டையை வாயில் வைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்காமல் ரெண்டாவதை உருட்டினாள். மீனை முள்ளோடு உறிஞ்சினாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். வடிவு தன் பங்கையும் சரித்துப் போட்டு, மீதியைத் தானும் அதே சட்டியில் கைவிட்டு எடுத்துக்கொண்டாள்.

மெஷின் மேல் வைத்திருந்த ஆவுடையின் போன் அடித்தது. வடிவு எட்டிப் பார்த்தாள்.

"மதுரை அத்தைன்னு வருது. எடுக்கலியா?"

ஆவுடை குழம்பு வழிகிற கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கை எச்சிலா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, அதை மறுபடியும் சோற்றுக்குள் வைத்தாள்.